அவரை அறிவோம் என்று சொல்லிக்கொண்டோம்

ஞாயிறு காலை ஆராதனையில் முதல் பாட்டு முடிந்ததும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்கிறோம். ஆங்கிலிக்கன் மரபில் வந்த சபைகளில் வளர்ந்தவர்களுக்கு, முக்கியமாகத் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு, அந்தப் பழைய ஜெபம் மனப்பாடம். 1552-ஆம் ஆண்டு இங்கிலாந்து ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்று, பிறகு மிஷனெரிகளோடு கப்பலேறி வந்து, தமிழாகி, நம் பாட்டிமார் வாயில் புழங்கிய ஜெபம் அது. அதில் ஒரு வரிசை இருக்கிறது. செய்யக்கூடாததைச் செய்த குற்றம் இரண்டாவதாகத்தான் வருகிறது. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்ட குற்றம் முதலில் வருகிறது. ஒருமையிலும் இல்லை அது, பன்மையில். ஊரே ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறோம். எதைச் செய்யாமல் விட்டோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. எண் பலகையைப் பார்த்து அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டிவிடுகிறோம்.

விட்டவற்றுள் பெரியது ஒன்று உண்டு. அதை நாமே ஒப்புக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போய்விடுவோம். கடவுள் எப்படிப்பட்டவர் என்று நாம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அவர் என்ன தருவார், எப்போது தருவார், எதிலிருந்து காப்பாற்றுவார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. அவருடைய குணம் என்ன, அது நம் வீட்டுக் கணக்கிலும் சபைக் கமிட்டியிலும் எங்கே தெரியவேண்டும் என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தோம். ஒத்திவைத்தே ஒரு தலைமுறை போய்விட்டது.

டிசம்பர் 31 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரவு ஆராதனைக்கு, வருஷமெல்லாம் வராதவர்களும் வந்து நிற்பார்கள். மணி அடித்து, கைகுலுக்கி, வாழ்த்துச் சொல்லி முடித்ததும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம். ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு என்று வந்திருந்தால் முகம் மலர்கிறது. கண்டிப்பான வசனம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை வேண்டாம்; அட்டை அச்சடிப்பவர்களுக்கும் வியாபாரம் தெரியும்.

அந்தத் தட்டில் எரேமியா 29:11 தவறாமல் இருக்கும். கார் கண்ணாடியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் மேசையிலும் இருப்பது அதுதான். நம் எதிர்காலத்தைப் பற்றிக் கடவுள் நல்ல எண்ணம் வைத்திருக்கிறார் என்கிற வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் மறுபடி சொந்த ஊரைப் பார்க்கப்போவதில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? ஏழாம் வசனமோ, தங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நன்மையைத் தேடவும் அதற்காக ஜெபிக்கவும் சொல்கிறது. பகைவனுடைய ஊர் நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்கச் சொல்கிற கடவுள் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும்! ஒரு வருஷம் முழுவதும் வைத்து யோசிக்கலாம் அதை. நாம் அந்த இரண்டையும் கத்தரித்துவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் லேமினேட் செய்துகொண்டோம்.

கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொன்ன இடம் வேதத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 33-இல் மோசே அவருடைய மகிமையைக் காட்டும்படி கேட்கிறான். அடுத்த அதிகாரத்தில் அவர் கடந்துபோகும்போது மோசே என்ன பார்த்தான் என்று எழுதியிருக்கவில்லை. என்ன கேட்டான் என்றுதான் எழுதியிருக்கிறது. இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், தயை, சத்தியம் என்று தம் குணத்தையே அவர் சொல்லிக்கொண்டு போகிறார். குற்றத்தை மன்னிப்பவர் என்கிறார். குற்றத்தைக் கண்டும் காணாமல் விடுபவர் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பொன் கன்றுக்குட்டியைச் செய்து அதைச் சுற்றி ஆடிய கூட்டத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கவேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் வந்த சொற்கள் என்பதால்தான் எண்ணாகமத்திலும் நெகேமியாவிலும் சங்கீதங்களிலும் யோவேலிலும் அவை திரும்பத் திரும்ப வருகின்றன. இஸ்ரவேலர் அகப்பட்டுக்கொண்ட இடங்களிலெல்லாம் அந்தச் சொற்களைச் சொல்லித்தான் மன்றாடுகிறார்கள்.

யோனாவும் அதே சொற்களைச் சொல்கிறான், கோபத்தோடு. ஞாயிறு பள்ளியில் நாம் பிள்ளைகளுக்கு மீன் படம் வரையக் கொடுத்து யோனா கதையை முடித்துவிடுகிறோம். நான்காம் அதிகாரத்துக்குப் போவதில்லை. தான் தர்சீசுக்கு ஓடியதற்குக் காரணத்தை அங்கேதான் சொல்கிறான்: நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு முதலிலேயே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறான். நினிவே அசீரியருடைய பட்டணம், பகைவர்களின் ஊர். அங்கே போய்ப் பிரசங்கம் பண்ணி, அவர்கள் மனம் திரும்பி, கடவுளும் மன்னித்துவிட்டால்? அந்தப் பயம்தான். பயந்தபடியே நடந்தும்விட்டது. இலட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான சனங்களும் ஆடுமாடுகளும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்கக்கூடாதா என்ற கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

நம் குற்றமும் அறியாமை அல்ல. அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும். நமக்கு வேண்டும்போது அந்தக் குணத்தின்மேல் முழுப் பாரத்தையும் வைக்கிறோம். அதே குணம் எதிர்க்கட்சிக்காரர்மேலும் பங்காளிமேலும் திரும்பினால்தான் முகம் சுளிக்கிறோம். நம் பையன் தப்பு செய்தால் கர்த்தர் பொறுமையுள்ளவர். அடுத்த வீட்டுப் பையன் செய்தால் கர்த்தர் நியாயாதிபதி.

பிள்ளைகளிடம் நாம் அறிமுகப்படுத்திய கடவுளைப் பற்றியும் பேசவேண்டும். சோறு சாப்பிடாவிட்டால், பொய் சொன்னால், தம்பியைக் கிள்ளினால், ஆராதனையில் பேசினால் நாம் சொன்னது ஒன்றே ஒன்று: ‘இயேசப்பா அடிப்பார்.’ மற்ற வீடுகளில் சாமி கண்ணைக் குத்தும். நம் வீட்டில் இயேசப்பா அடிப்பார். பெயரை மாற்றினோம், பூச்சாண்டியை மாற்றவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்லூரிக்குப் போய், ஒரு தப்பும் செய்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லமுடியாமல் தவிக்கும்போது, ‘ஜெபம்பண்ணு’ என்கிறோம். அடிக்கிறவரிடம் போய் எப்படி அது பேசும்? இராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பாவின் குரல் உருகும். ஆமென் சொல்லி எழுந்த கையோடு, சாப்பாட்டுத் தட்டு வரத் தாமதமானால் அதே குரல் வீட்டை நடுங்கவைக்கும். இரண்டையும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். பரமபிதா எப்படி இருப்பார் என்று அவர்கள் கற்றுக்கொள்கிற முதல் பாடம் லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் கதை அல்ல, அந்த ராத்திரிதான்.

நோயாளி வீட்டுக்கும் போகிறோம். அது நல்ல பழக்கம், அதில் நம் சபைகளைக் குறை சொல்லமுடியாது. பழம், ஹார்லிக்ஸ், வேதாகமம் எல்லாம் கொண்டுபோகிறோம். ஜெபித்து முடித்து எழும்போது ஒரு வார்த்தை விடுகிறோம்: ‘எங்கேயாவது அறிக்கையிடாத பாவம் இருக்கா, யோசிச்சுப் பாருங்க.’ பிள்ளையில்லாத பெண்ணிடமும் சொன்னோம், புற்றுநோய்க்காரரிடமும் சொன்னோம். யோபுவின் நண்பர்களாவது ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். நமக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூடப் பொறுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் அன்று கடற்கரையிலேயே வாரிக்கொண்டு போகப்பட்டார்கள். கடலோர ஊர்களில் பிணங்களை அடக்கம்பண்ணி முடிவதற்குள்ளேயே, உள்நாட்டில் பத்திரமாக இருந்த நம் மேடைகளில் தண்டனை, எச்சரிப்பு என்ற சொற்கள் கேட்க ஆரம்பித்தன. கொரோனா வந்தபோதும் கேட்டன. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை லூக்கா 13-இல் இயேசு குறிப்பிடுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். அந்த ‘இல்லை’யை நாம் படித்திருக்கிறோம். பிரசங்கத்துக்கு உதவாது என்று விட்டுவிட்டோம்.

சாட்சி நேரமும் இந்தக் கணக்கில் சேரும். பஸ் கவிழ்ந்தது, பக்கத்து சீட்டில் இருந்தவர் அந்த இடத்திலேயே போய்விட்டார், எனக்கு ஒரு கீறலும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அல்லேலூயா சொல்லிக் கைதட்டுகிறோம். உயிர் பிழைத்தவர் நன்றி சொல்வதில் ஒரு தவறும் இல்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் செத்தவரின் மனைவி அன்று அதே ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சாட்சி அவள் காதில் எப்படி விழும்? நம்மைக் கைதட்டவைத்த அந்தக் கடவுள் அவளுக்கு யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் சாட்சி புத்தகங்களே போட்டுவிட்டோம்.

கடவுளை அறிவது என்றால் என்ன என்று எரேமியா 22 வெட்டொன்று துண்டு ரெண்டாகச் சொல்கிறது. யோயாக்கீம் ராஜா விசாலமான மாடி, பெரிய ஜன்னல்கள், கேதுரு மரப்பலகை, சிவப்புச் சாயம் என்று அரண்மனை கட்டுகிறான். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. தீர்க்கதரிசி அவனிடம் அவன் அப்பா யோசியாவைப் பற்றிச் சொல்கிறார்: உன் தகப்பனும் சாப்பிட்டான், குடித்தான், ஆனால் சிறுமையும் எளிமையுமானவனின் வழக்கை நியாயமாக விசாரித்தான், என்னை அறிவது என்பது அதுதானே என்று கர்த்தர் கேட்கிறார். பக்திப் பரவசம், தரிசனம், அந்நியபாஷை ஒன்றும் அந்த இடத்தில் பேசப்படவில்லை. கூலியும் வழக்கும்தான் பேசப்படுகின்றன.

இதை வைத்துக்கொண்டு நம் கோவில்பிள்ளையைப் பார்ப்போம். தெற்கத்திச் சபைக்காரர்களுக்கு அவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் வந்து முதல் மணி அடிப்பவர். ஆலயத்தைப் பெருக்கி, வௌவால் எச்சம் விழுந்த பெஞ்சுகளை ஈரத்துணியால் துடைத்து, பீடத்து விரிப்பை நேராக்கி, பாட்டு எண்களை ஒவ்வொன்றாகப் பலகையில் செருகி வைப்பவர். குருவானவரின் அங்கி தேய்த்திருக்கிறதா, திருவிருந்துக்கு அப்பமும் ரசமும் எடுத்துவைத்தாயிற்றா என்று பார்ப்பவர். ஆராதனை நடக்கும்போது பெரும்பாலும் வாசலில் நிற்பார். மைக் கரகரத்தால் ஓடவேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டரை முடுக்கவேண்டும், யாராவது செத்தால் துக்க மணி அடிக்கவேண்டும். கிறிஸ்துமஸ் அன்று நாமெல்லாம் புதுத்துணி உடுத்தி நிற்கும்போது அவர் முதல் நாள் ராத்திரி நட்சத்திரம் கட்ட ஏறி இறங்கிய சட்டையிலேயே இருப்பார். கமிட்டியில் எல்.இ.டி. திரைக்குச் சில லட்சம் என்றால் காப்பி ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடும். அவருக்குச் சம்பளம் கூட்டுவது என்றால் கணக்கைப் புரட்டுவோம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்போம், ‘அவருக்கு அறுப்பின் பண்டிகையில் ஏதாவது கொடுக்கிறோமே’ என்று ஒரு மூப்பர் சொல்வார், விஷயம் அதோடு முடியும். அவர் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட யாரிடம் கடன் வாங்கினார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் கட்டிய கோபுரத்தின் உயரம் எல்லாருக்கும் தெரியும்.

அதே கதைதான் வீட்டிலும். வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற கிறிஸ்தவ வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாம் ஊருக்குப் போகிற மாதத்தில் அவள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோம், நாம் ஊருக்குப் போவதற்கு அவள் என்ன செய்வாள் என்று யோசிக்காமல். தசமபாகக் கவரில் மட்டும் ஒரு ரூபாய் குறையாது.

சாதியைப் பற்றி எழுத வந்தால் கட்டுரை அதற்கே போதாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது 1833-இல். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்த்துக்கொண்டு வெளியே போனவர்கள் உண்டு. கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்காகவே கட்டிய சுவர் இருந்தது; அது 1910-இல் இடிக்கப்பட்டது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் வைத்த ஊர்களும் உண்டு. இன்று சுவர் இல்லையே என்று நிம்மதிப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரத்தை எடுத்துப் பார்க்கட்டும். முதல் சொல் சபையின் பெயர், இரண்டாம் சொல் சாதியின் பெயர், மூன்றாவதாக, ‘இரட்சிக்கப்பட்ட’. பேராயர் தேர்தல், டயோசீஸ் தேர்தல் வரும்போது எந்த வாக்கு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல யாருக்கும் தீர்க்கதரிசன வரம் வேண்டியதில்லை. தோற்றவர்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போவார்கள், ஜெயித்தவர்கள் ஸ்தோத்திர ஆராதனை வைப்பார்கள். இரண்டு தரப்புக்கும் வக்கீல் பீஸ் போகிற பணம் ஏதோ ஒரு கிராமத்து விதவை தட்டில் போட்டதும்தான்.

முன்னோரைப் பேசினால் நமக்குப் பெருமை தாங்காது. 1890-களில் பாளையங்கோட்டையில் பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளிகளை எழுப்பியவர்கள் மிஷனெரிப் பெண்கள். ஊரும் குடும்பமும் மூலையில் உட்காரவைத்த பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்த்தார்கள். கடவுள் எப்படிப்பட்டவர் என்று யோசித்ததன் விளைவு அது. நூற்றாண்டு விழாக்களில் அவர்கள் படத்துக்கு மாலை போட்டோம். அதே சீமையில், எத்தனை ஆலயங்களில் பிரசங்கத்தைச் சைகை மொழியில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்? சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் எத்தனை ஆலய வாசலில் இருக்கிறது? மார்பிள் படிகள் மட்டும் எல்லா இடத்திலும் பளபளக்கின்றன.

இப்படிச் சொன்னால் சிலர் கேட்பார்கள்: அன்பு அன்பு என்று பேசிப் பேசித்தான் சபை கெட்டுப்போயிற்று, கடவுள் நீதியுள்ளவரும் அல்லவா? நீதியுள்ளவர்தான். ஆனால் அந்த நீதி யார் பக்கம் நிற்கிறது என்று உபாகமம் 10-ஐ எடுத்துப் பாருங்கள். திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் செய்கிறவர், பரதேசிக்குச் சோறும் துணியும் கொடுக்கிறவர் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. அவருடைய நீதியைப் பற்றி நாம் பேசியதெல்லாம் அடுத்தவர் சேலை, அடுத்தவர் நகை, அடுத்தவர் காதல் கல்யாணம் பற்றித்தான். கூலியைப் பற்றி அவர் வைத்த சட்டம் உபாகமம் 24-இல் இருக்கிறது: கூலிக்காரன் ஏழை, அவன் அந்தக் காசையே நம்பி இருக்கிறான், பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது. நீதியைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

யாரையும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. குருவானவர்களை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதுவும் வேண்டாம். அவர்கள் நம் வீடுகளிலிருந்து போனவர்கள்தான். கமிட்டியில் கை தூக்கியவர்கள் நாம். பாதி வசனத்துக்குத் தட்டில் கைவிட்டவர்கள் நாம். பிள்ளைகளைப் பயமுறுத்தியவர்களும் நாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாச் சபைகளிலும் கமிட்டி கூடும். வெள்ளையடிப்பு, சீரியல் விளக்கு, பாடகர் குழுவுக்குச் சீருடை, கேரல் பவனிக்கு வண்டி எல்லாம் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். இந்த வருஷம் அவற்றுக்கு மேலே இரண்டு பொருள்களை எழுதிக் கொடுங்கள். ஒன்று, கோவில்பிள்ளையின் சம்பளம், அவர் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. இரண்டு, வாசலில் ஒரு சாய்தளம். பணம் இல்லை என்று யாராவது சொன்னால் எல்.இ.டி. திரை வாங்கிய தீர்மானத்தின் தேதியைக் கேளுங்கள். இரண்டும் நிறைவேறிய பிறகு சுண்ணாம்பு வாங்கலாம்.